கடை வாசலில் நிற்பது யார் வண்டி?



இன்றைய பேச்சு கடைத்தெருவைப் பற்றியது. கடைத்தெருவில் வண்டி நிறுத்துவதைப் பற்றியது. "கார் வைத்திருப்பவர் கவலை அது. நமக்கு என்ன?" என்று சிலர் நினைக்கலாம். கொஞ்சம் பொறுங்கள். பேச்சு முடிவதற்குள் அது யார் கவலை என்று தெரிந்துவிடும்.

ஓர் ஊர். அங்கே ஒரு கடைத்தெரு. ஒரு பாத்திரக் கடை இருக்கிறது. பக்கத்தில் ஒரு ஜவுளிக் கடை. எதிரில் ஒரு மருந்துக் கடை. எந்த ஊர் என்று கேட்க வேண்டாம். எல்லா ஊரிலும் இந்தத் தெரு உண்டு.

காலை 9 மணி. பாத்திரக் கடைக்காரர் தன் காரில் வருகிறார். கடை வாசலிலேயே காரை நிறுத்துகிறார். கடையைத் திறக்கிறார். அவருடைய கடைப் பையன்கள் மூன்று பேர் வருகிறார்கள். மூன்று மோட்டார் சைக்கிள். அவையும் வாசலில்தான் நிற்கின்றன. பக்கத்து ஜவுளிக் கடையிலும் இதே கதை.

காலை 11 மணி. பக்கத்துக் கிராமத்திலிருந்து ஓர் அம்மா வருகிறார். மகளுக்குக் கல்யாணம். பாத்திரச் சீர் வாங்க வேண்டும். கையில் பணம் இருக்கிறது. பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து வருகிறார். நடைபாதையில் மோட்டார் சைக்கிள்கள். இறங்கி ரோட்டில் நடக்கிறார். பின்னால் லாரி ஹாரன் அடிக்கிறது. அவர் தம்பி ஆட்டோவில் வருகிறார். ஆட்டோவை நிறுத்த இடம் இல்லை. "வேண்டாம் அக்கா, புறவழிச் சாலையில் பெரிய கடை ஒன்று வந்திருக்கிறது. அங்கே இடம் தாராளமாக இருக்கும்" என்கிறார். இருவரும் போய்விடுகிறார்கள்.

பாத்திரக் கடைக்காரர் கல்லாவில் உட்கார்ந்து புலம்புகிறார். "முன்பு போல வியாபாரம் இல்லை. ஜனங்கள் வருவதில்லை" என்கிறார். வந்தவர்களைத் திருப்பி அனுப்பியது அவர் வாசலில் நிற்கும் கார்தான். அது அவருக்குத் தெரியவில்லை.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். கடை காலை 10 மணி முதல் இரவு 8 மணி வரை திறந்திருக்கிறது. மொத்தம் 10 மணி நேரம். வாசலில் ஒரு கார் நிற்க இடம் உண்டு. கடைக்காரர் காரே நாள் முழுவதும் நின்றால், அந்த இடத்தால் வரும் வாடிக்கையாளர் எத்தனை பேர்? ஒருவரும் இல்லை. ஆளுக்கு ஒரு மணி நேரம் என்று வாடிக்கையாளர் வண்டிகள் வந்து போனால்? 10 குடும்பம் வரும். ஆளுக்கு அரை மணி என்றால் 20 குடும்பம். இடம் அதே இடம்தான்.

இந்தக் கணக்கைப் புரிந்துகொண்டு பிழைத்த ஒரு கடைத்தெரு இருக்கிறது. அது நம் நாட்டில் இல்லை. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் இருக்கிறது. ஊரின் பெயர் பாசடீனா. லாஸ் ஏஞ்சல்ஸ் என்ற பெரிய நகரத்துக்குப் பக்கத்து ஊர். அங்கே கொலராடோ என்ற பெரிய வீதி. ஆண்டுதோறும் புத்தாண்டு அன்று அந்த வீதியில் பூ ரதங்கள் ஊர்வலம் போகும். நம் ஊர்த் தேரோட்டம் போலக் கூட்டம் கூடும்.

அந்த வீதியைச் சுற்றித்தான் பழைய கடைத்தெரு இருந்தது. ஒரு காலத்தில் செல்வாக்கான இடம். 1930க்குப் பிறகு அது நொடித்துப் போனது. மேல்மாடிகள் காலியாகக் கிடந்தன. சந்துகளில் குப்பை நாற்றம். இருட்டிய பிறகு குடும்பத்தோடு யாரும் போகமாட்டார்கள். பழைய கட்டடங்களின் அழகை மட்டும் யாரும் மறக்கவில்லை.

1970களில் நகராட்சி ஒரு வேலை செய்தது. பழைய கட்டடங்கள் இருந்த மூன்று பகுதிகளை இடித்தது. அங்கே நான்கு பக்கமும் சுவர் எழுப்பிய ஒரு பெரிய வணிக வளாகம் வந்தது. 1980ல் அது திறக்கப்பட்டது. கார் நிறுத்த இலவசமாக இடம் கட்டித் தந்தார்கள். அதற்குப் பொதுப் பணம் கோடிக் கணக்கில் செலவானது. பக்கத்தில் பழைய தெரு அப்படியே கிடந்தது.

பழைய தெருவில் கடை வைத்திருந்தவர்களுக்குப் பெரிய தொல்லை கார் நிறுத்துவதுதான். தெருவோரம் நிறுத்தக் காசு கிடையாது. இரண்டு மணி நேரம் நிறுத்தலாம் என்று விதி மட்டும் இருந்தது. விதியை யார் மதித்தார்கள்? கடைகளில் வேலை செய்தவர்கள் காலையிலேயே வந்து நல்ல இடங்களைப் பிடித்துக்கொண்டார்கள். இரண்டு மணிக்கு ஒருமுறை வெளியே வந்து காரை நகர்த்தி வைத்தார்கள். பிறகு உள்ளே போனார்கள். வாடிக்கையாளருக்கு இடமே இல்லை. கடைக்காரர்கள் வாடிக்கையாளர் வரவில்லை என்று வருந்தினார்கள். இடத்தை அடைத்ததோ அவர்களுடைய ஆட்களே. நம் பாத்திரக் கடை ஞாபகம் வருகிறது அல்லவா?

நகராட்சி ஒரு யோசனை சொன்னது. தெருவோரத்தில் மீட்டர் வைப்போம். காசு போட்டால் அந்த நேரத்துக்கு மட்டும் கார் நிற்கலாம்.

கடைக்காரர்கள் கொதித்தார்கள். காசு கேட்டால் இருக்கிற கொஞ்சம் வாடிக்கையாளரும் இலவச இடம் உள்ள வளாகத்துக்குப் போய்விடுவார்கள் என்றார்கள். அவர்கள் பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. பிழைப்பே போய்விடும் என்ற பயம் அது. எதிர்த்தரப்பு வேறு விதமாகச் சொன்னது. காசுக்குப் பயந்து போகிறவர் போனால், அந்த இடம் இன்னொருவருக்குக் கிடைக்கும். இடத்துக்குக் காசு கொடுக்கத் தயங்காதவர் கடைக்குள்ளும் காசு செலவழிப்பார். இப்படி இரண்டு ஆண்டு விவாதம் நடந்தது.

கடைசியில் நகராட்சி ஒரு வாக்குக் கொடுத்தது. அதுதான் இந்தக் கதையின் உயிர்நாடி. "மீட்டரில் விழும் பணம் பொதுக் கஜானாவில் கலக்காது. இந்தத் தெருவில் வசூலாகும் பணம் இந்தத் தெருவுக்கே செலவாகும்" என்பதுதான் அந்த வாக்கு.

கடைக்காரர்கள் உடனே ஒப்புக்கொண்டார்கள். ஒப்புக்கொண்டதோடு நிற்கவில்லை. இரவிலும் மீட்டர் ஓடட்டும் என்றார்கள். ஞாயிற்றுக் கிழமையும் ஓடட்டும் என்றார்கள். தங்கள் தெருவுக்கு வரும் பணம் ஆயிற்றே!

1993ல் மீட்டர்கள் வந்தன. சுமார் 690 மீட்டர். ஒரு மணி நேரத்துக்கு ஒரு டாலர். அன்றைய கணக்கில் நம் பணம் 30 ரூபாய் போல. பணத்தை எதற்குச் செலவழிப்பது என்று யோசனை சொல்ல ஒரு குழு அமைத்தார்கள். அதில் அந்தத் தெருக் கடைக்காரர்களும் கட்டடச் சொந்தக்காரர்களும் இருந்தார்கள்.

நகராட்சி மீட்டர் வருமானத்தைக் காட்டி 50 லட்சம் டாலர் கடன் திரட்டியது. அந்தப் பணத்தில் தெருவில் வேலை நடந்தது. உடைந்த நடைபாதை புதிதானது. மரம் நட்டார்கள். விளக்கு போட்டார்கள். உட்காரப் பெஞ்சு வந்தது. நாற்றம் அடித்த சந்துகளைச் சுத்தம் செய்து நடக்கிற பாதைகளாக மாற்றினார்கள். அந்தச் சந்துகளிலும் கடைகள் வந்தன, சாப்பாட்டுக் கடைகள் வந்தன. மீட்டரில் போடும் காசு எதற்குப் போகிறது என்று மீட்டரிலேயே எழுதியும் வைத்தார்கள். காசு போடுகிறவர் அதைப் படிப்பார். பக்கத்தில் புதுப் பெஞ்சைப் பார்ப்பார்.

வேலையாட்கள் தங்கள் கார்களைத் தள்ளி வேறு இடங்களில் நிறுத்தினார்கள். நாள் முழுவதும் மீட்டருக்குக் காசு போட யாருக்குக் கட்டுப்படியாகும்? வாசலில் இடம் காலியானது. வாடிக்கையாளர் வந்தார். வேலை முடிந்தது, போனார். அடுத்தவர் வந்தார்.

கடைத்தெருவின் விற்பனை வரி ஏறத் தொடங்கியது. இலவச இடம் வைத்திருந்த வணிக வளாகத்தையே பழைய தெரு முந்திவிட்டது. அந்த வளாகம் பின்னாளில் இடிக்கப்பட்டது. அதன் இடத்தில் 2001ல் திறந்த வெளியில் நடந்து போகும்படியான புதிய கடைப் பகுதி வந்தது. அதே ஆண்டில் செலவு போக மீட்டர் வருமானம் மட்டும் 10 லட்சம் டாலரைத் தாண்டியது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எல்லாவற்றையும் மீட்டரே செய்துவிடவில்லை. பழைய கட்டடங்களைக் காப்பாற்ற அந்த ஊர் மக்கள் முன்பே போராடியிருந்தார்கள். அந்தக் கட்டடங்கள் இல்லையென்றால் புதுப் பெஞ்சில் உட்கார்ந்து பார்க்க என்ன இருக்கும்?

பக்கத்திலேயே இன்னொரு கடைத்தெரு. அதன் பெயர் வெஸ்ட்வுட். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துக்குள் இருக்கிறது. அங்கே ஒரு பெரிய பல்கலைக்கழகம். டொனால்டு ஷூப் என்ற பேராசிரியர் அங்கே வேலை செய்தார். வண்டி நிறுத்துவதைப் பற்றியே வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்த மனிதர். 2025ல் காலமானார். பாசடீனாவின் கதையை உலகுக்கு எடுத்துச் சொன்னவர்களில் அவர் முக்கியமானவர்.

வெஸ்ட்வுட்டில் வண்டி நிறுத்த இடம் தேடிச் சுற்றுகிறவர்களை அவர் கணக்கெடுத்தார். சராசரியாக ஒருவர் மூன்று நிமிடத்துக்கு மேல் சுற்றினார். மூன்று நிமிடம்தானே என்று தோன்றும். அந்தச் சின்னப் பகுதியில் ஓர் ஆண்டில் எல்லாரும் சுற்றிய தூரத்தைக் கூட்டினார். சுமார் 15 லட்சம் கிலோமீட்டர் வந்தது. பூமியை 38 முறை சுற்றி வரலாம்! அவ்வளவு பெட்ரோல், அவ்வளவு புகை, அவ்வளவு ஹாரன்.

வெஸ்ட்வுட் ஒரு காலத்தில் பாசடீனாவைவிடக் கலகலப்பான இடம். பிறகு வியாபாரம் இறங்கியது. வண்டிக் காசு அதிகம், அதனால்தான் ஆள் வரவில்லை என்றார்கள் கடைக்காரர்கள். 1994ல் ஒரு மணி நேரத்துக்கு ஒரு டாலர் என்பதை அரை டாலர் ஆக்கினார்கள். அங்கே மீட்டர் பணம் நகரத்தின் பொதுக் கஜானாவுக்குப் போனது. காசு குறைந்தது. நடைபாதை உடைந்தபடியே கிடந்தது. போன கூட்டம் திரும்பவில்லை. பாசடீனாவில் காசு வாங்கினார்கள், கூட்டம் வந்தது. இங்கே காசைக் குறைத்தார்கள், கூட்டம் வரவில்லை. மக்கள் தேடி வருவது நடக்க நன்றாக இருக்கும் தெருவை.

ஷூப் சொன்ன அளவுகோல் எளிமையானது. ஒரு தெருப் பகுதியில் 8 இடம் இருந்தால் 7 நிறைந்திருக்க வேண்டும், ஒன்று காலியாக இருக்க வேண்டும். எட்டும் நிறைந்தால் கட்டணம் குறைவு என்று அர்த்தம். நான்கு காலியாக இருந்தால் கட்டணம் அதிகம், குறைக்க வேண்டும். பிடுங்குவதற்காகக் கட்டணம் இல்லை. வருகிறவருக்கு ஓர் இடம் கிடைப்பதற்காகவே கட்டணம்.

இப்போது நம் நாட்டுக்கு வருவோம்.

பாசடீனாவில் மீட்டர் வந்த அதே 1993ல்தான் நம் நாட்டில் 74வது அரசியல் சட்டத் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. நகராட்சிகளுக்கு உரிமை தந்த சட்டம் அது. நகராட்சிகளிடம் ஒப்படைக்கக் கூடிய வேலைகளின் பட்டியல் ஒன்று அதில் இருக்கிறது. தெரு விளக்கு, பஸ் நிறுத்தம், பொதுக் கழிப்பிடம், இவற்றோடு வண்டி நிறுத்தும் இடமும் சேர்ந்திருக்கிறது. எனவே இது போலீஸ்காரர் வேலை மட்டும் அல்ல. நீங்கள் ஓட்டுப் போட்டு அனுப்பிய உறுப்பினரின் வேலையும்தான்.

2006ல் மத்திய அரசு நகரப் போக்குவரத்துக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. வண்டி நிறுத்தும் கட்டணம் அந்த நிலத்தின் மதிப்புக்கு ஏற்றபடி இருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. ஏட்டில் எழுதியது தெருவுக்கு வர நாள் ஆகிறது.

பல ஊர்களில் நடப்பது என்ன? வண்டிக் கட்டணம் வசூலிக்கும் உரிமையை ஏலம் விடுகிறார்கள். குத்தகைக்காரர் எடுக்கிறார். ஒரு துண்டுச் சீட்டைக் கிழித்துக் கொடுத்துக் காசு வாங்குகிறார். சில நேரம் சீட்டும் கிடையாது. சீட்டில் அச்சிட்டது ஒரு தொகை, கேட்பது ஒரு தொகை. ஏலப் பணம் பொது நிதியில் கலக்கிறது. அந்தத் தெருவில் ஒரு விளக்கு எரியாது. ஒரு பெண் ஒதுங்கக் கழிப்பிடம் இருக்காது. காசு கொடுப்பவருக்கு எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

சென்னையில் தியாகராய நகர் என்று ஒரு பெரிய கடைப் பகுதி இருக்கிறது. துணி, நகை, பாத்திரம் வாங்க வெளியூரிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். அங்கே பாண்டி பஜார் என்று பெயர் பெற்ற வீதி. 2019 நவம்பரில் அந்த வீதி புது உருவத்தோடு திறக்கப்பட்டது. நடைபாதையை நன்றாக அகலப்படுத்தினார்கள். வண்டிகளுக்கு இருந்த இடத்தைக் குறைத்தார்கள். உட்கார இருக்கைகள் போட்டார்கள். தாத்தா பாட்டி உட்காரலாம், குழந்தை விளையாடலாம். பக்கத்தில் தணிகாசலம் சாலையில் பல அடுக்கு வண்டி நிறுத்தம் கட்டினார்கள். அதில் 200க்கு மேல் கார்களும் நூற்றுக்கணக்கான இரு சக்கர வண்டிகளும் நிற்கலாம். 2023ல் மாம்பலம் ரயில் நிலையத்தையும் தியாகராய நகர் பஸ் நிலையத்தையும் இணைத்து ஒரு நடைமேம்பாலம் வந்தது. ரயிலில் வருகிறவரும் வாடிக்கையாளர்தானே! அவர் நிறுத்த இடம் கேட்பதில்லை. நடக்கப் பாதை கேட்கிறார்.

நம் ஊர்க் கடைக்காரர்கள் பலர் இதை மறந்துவிடுகிறார்கள். காரில் வருகிறவர்தான் வாங்குவார் என்று நினைக்கிறார்கள். நம் ஊர்க் கடைத்தெருவில் ஒரு மணி நேரம் நின்று எண்ணிப் பாருங்கள். நடந்தும், பஸ்ஸிலும், சைக்கிளிலும் வருகிறவர் எத்தனை பேர்? காரில் வருகிறவர் எத்தனை பேர்? ஒரு கார் நிற்கும் இடத்தில் ஐந்தாறு மோட்டார் சைக்கிள் நிற்கலாம். பத்து சைக்கிள் நிற்கலாம்.

பூ விற்கும் அம்மாவின் கணக்கையும் பார்க்க வேண்டும். அவர் கூடை வைக்க 4 அடிக்கு 3 அடி போதும். 12 சதுர அடி. அதற்குத் தினமும் தரைவாடகை கொடுக்கிறார். ஒரு நாள் வாடகை தவறினால் கூடை வீதிக்குப் போகும். ஒரு கார் அடைக்கும் இடம் 15 அடிக்கு 8 அடி. 120 சதுர அடி. பத்துப் பூக்காரிகள் உட்காரும் இடம். பல தெருக்களில் அதற்கு ஒரு பைசா வாடகை கிடையாது. நெரிசல் என்று புகார் வந்தால் முதலில் யாரை அப்புறப்படுத்துகிறார்கள்? காரை அல்ல, கூடையை.

இதைத் தடுக்கச் சட்டம் இருக்கிறது. சாலையோர வியாபாரிகள் சட்டம், 2014. வியாபாரிகளைக் கணக்கெடுத்து அடையாளச் சான்று கொடுக்காமல் அவர்களை அப்புறப்படுத்தக் கூடாது என்கிறது அந்தச் சட்டம். ஒவ்வொரு ஊரிலும் நகர விற்பனைக் குழு அமைக்க வேண்டும். அதில் நூற்றுக்கு 40 பேராவது வியாபாரிகளாக இருக்க வேண்டும். அவர்களிலும் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். தெருவில் எங்கே கூடை, எங்கே வண்டி, எங்கே நடைபாதை என்று பேச வேண்டிய இடம் அந்தக் குழு. கடைத்தெருவுக்கு ஒரு பூக்காரி வேண்டும். பூ வாங்க நின்றவர்தான் பக்கத்துக் கடைக் கண்ணாடியில் புடவையைப் பார்க்கிறார்.

சரக்கு லாரிக்கும் ஒரு நேரம் வேண்டும். கடை திறப்பதற்கு முன் இறக்கிவிட்டால் பகலில் யாருக்கும் தொல்லை இல்லை. கடைக்காரர்கள் தங்களுக்குள் பேசி முடிக்கக் கூடிய காரியம் இது. ஆனால் மூட்டை தூக்கும் தொழிலாளர்களையும் கேட்டு நேரம் குறிக்க வேண்டும். விடியற்காலை நாலு மணி என்று கல்லாவில் உட்கார்ந்து முடிவு செய்துவிட்டால், வீட்டைவிட்டு இரண்டு மணிக்குக் கிளம்ப வேண்டியவர் அவர்தான்.

இப்போது எழுதப் படிக்கக் கற்றிருக்கிறீர்கள். ஒரு காகிதம் எடுங்கள். 2005ல் வந்த தகவல் உரிமைச் சட்டப்படி நகராட்சியிடம் கேள்வி கேட்கலாம். பெரும்பாலான மாநிலங்களில் மனுவுக்குக் கட்டணம் 10 ரூபாய். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்கள் சான்று காட்டினால் அதுவும் வேண்டாம். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. மேலே, "பொதுத் தகவல் அலுவலர் அவர்களுக்கு" என்று எழுதுங்கள். உங்கள் பெயர், முகவரி எழுதுங்கள். பிறகு இப்படி எழுதலாம்:

"எங்கள் ஊர்க் கடைத்தெருவில் வண்டி நிறுத்தும் கட்டணம் வசூலிக்கும் உரிமை கடந்த மூன்று ஆண்டுகளில் எவ்வளவு தொகைக்கு ஏலம் போனது? ஒரு வண்டிக்கு வசூலிக்க அனுமதித்த கட்டணம் எவ்வளவு? அந்தப் பணத்தில் எங்கள் கடைத்தெருவுக்குச் செலவு செய்தது எவ்வளவு? எந்தெந்த வேலைக்கு? எங்கள் ஊரில் நகர விற்பனைக் குழு அமைக்கப்பட்டுள்ளதா? அதன் உறுப்பினர்கள் யார் யார்?"

கீழே கையெழுத்துப் போடுங்கள். தேதி எழுதுங்கள். ஒரு நகலை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். பதில் வந்ததும் அதைப் பாத்திரக் கடைக்காரரிடமும் காட்டுங்கள், பூக்கார அம்மாவிடமும் படித்துக் காட்டுங்கள்.